சாமுண்டீஸ்வரியின் நான்கடித் தொட்டி

கோவில்பதாகையைச் சேர்ந்த சாமுண்டீஸ்வரி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சட்டைக் கம்பெனியில் பதினோரு வருடம் செக்கிங் வேலை பார்த்தவள். தைத்து வரும் சட்டையை மேசைமேல் விரித்து, காலர் கோணலா, பட்டன் தளர்வா, பாக்கெட் ஒரு நூலளவு மேலேறியிருக்கிறதா என்று பார்ப்பாள். தப்பு தெரிந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, பிரித்துச் சரிசெய்கிற ‘ஆல்டர்’ பக்கம் தள்ளுவாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குக் குனிந்தவர்கள். குடும்பத்தில் முதன்முதலாக மின்விசிறிக்குக் கீழே நின்று சம்பளம் வாங்கியவள் தான்தான் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

கம்பெனியை மூடியபோது அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. ஆறு மாதம் வீட்டில் இருந்து பார்த்தாள், சரிப்படவில்லை. அம்பத்தூரில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குச் சேர்ந்தாள்.

அங்கே காத்திருப்புக் கூடத்தில் ஒரு மீன்தொட்டி இருந்தது. நான்கடி நீளம், உள்ளே நிஜச் செடிகள். படுக்கைகள் இருந்த பெரிய அறைக்கும் கூடத்துக்கும் நடுவே கண்ணாடித் தடுப்புதான் என்பதால், நாலு மணி நேரம் கையில் ஊசியோடு படுத்திருப்பவர்களுக்கும் அது தெரியும். மையம் திறந்த புதிதில் யாரோ ஆசையாக வைத்தது. மாதம் ஒருமுறை வந்து பார்த்துக்கொண்டிருந்த ஆள் ஒருநாள் வராமல் போனான். அப்புறம் வரவே இல்லை. செடிகள் தண்ணீர்மட்டம்வரை ஏறி அங்கேயே மடங்கிப் படர்ந்தன. கண்ணாடியில் பச்சைப் பாசி. பின்னால் ஒட்டியிருந்த நீலக் கடல் படம் ஒரு மூலையில் பிய்ந்து தொங்கியது.

ஒரு திங்கட்கிழமை காலை, மையத்தின் பொறுப்பு நர்ஸ் ஆக்னஸ் தொட்டியைக் காட்டிச் சொன்னாள்: “சாமுண்டி, இந்த மாசக் கடைசியில இதை எடுத்துடப் போறோம். அந்த இடத்துல டிவி வருது. மீனை யாராவது கேட்டா கொடுத்துடு.”

“இன்னாத்துக்கு சிஸ்டர் எடுக்கணும்?”

“பாக்கவே சகிக்கலையே. போன வாரம் ஒரு பேஷண்டோட மனைவி, ‘இதையே சுத்தமா வெச்சுக்க முடியல, மெஷினை எப்படி வெச்சிருப்பீங்க’ன்னு கேட்டாங்க. எனக்கு முகத்தை எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியல.”

சாமுண்டீஸ்வரி தொட்டியைப் பார்த்தாள். “இது ரிஜெக்ட் இல்ல சிஸ்டர், ஆல்டர். மாசக் கடைசி வரைக்கும் டைம் குடுங்க. அதுக்கப்பறமும் புடிக்கலன்னா நானே தூக்கிப் போட்டுடறேன்.”

ஆக்னஸ் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

முதல் வேலையிலேயே சறுக்கினாள். சுத்தம் என்றால் அவளுக்கு வெள்ளைதான். தண்ணீரில் பெரும்பகுதியை இறைத்துவிட்டு, ஃபில்டருக்குள் இருந்த பழுப்பு ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து அலசினாள். புதுசு மாதிரி ஆனது. குழாய்த் தண்ணீரையே தொட்டியில் நிரப்பினாள். மறுநாள் காலை தொட்டி மோர் ஊற்றியதுபோல் கலங்கிக் கிடந்தது. சிவப்பும் நீலமுமாக மின்னும் சின்ன மீன்களில் ஐந்து செத்து மிதந்தன. மற்றவை மேலே வந்து வாயைப் பிளந்தன.

“விட்டுடு சாமுண்டி” என்றாள் ஆக்னஸ். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று சாமுண்டீஸ்வரிக்குத் தோன்றியது. செத்த மீன்களைக் காகிதத்தில் சுற்றி எடுத்தாள். ஆனாலும் விட்டுவிட அவளுக்கு மனமில்லை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஷேர் ஆட்டோ ஏறி, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஜெகனின் மீன்கடைக்குப் போனாள்.

ஜெகன் முழுவதையும் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். “இன்னாக்கா நீ, அந்த ஸ்பாஞ்சு அழுக்குலதான் தண்ணிய சுத்தம் பண்ற உசுரே கீது. குழாத்தண்ணில கலக்குற குளோரின் மருந்துல அத்தயும் கொன்னுட்ட, மீனையும் வதச்சிட்ட. நாலு வருசமா ஓடுற தொட்டிக்கா அது. ஒரே நாள்ல எதையும் மாத்தாத. வாரத்துக்குக் கால்வாசித் தண்ணி மாத்து, அதுவும் மருந்து முறிச்ச தண்ணி. லைட்ட எத்தினி மணி நேரம் உடுறீங்க?”

“காலைல ஆறுலேர்ந்து நைட்டு ஒம்போது.”

“அப்போ பாசி வராம இன்னா வரும்? ஏழு மணி நேரம் போதும்.”

கடையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்சு ஒன்றை எடுத்து, அந்தத் தண்ணீரோடேயே பையில் கட்டி, மருந்து முறிக்கும் சொட்டு பாட்டிலையும் சேர்த்துக் கொடுத்தான். அதை வைத்த மூன்றாம் நாள் தண்ணீர் தெளிந்தது. மீன்கள் கீழே இறங்கின.

இப்போதுதான் அவள் தொட்டியை ஒரு சட்டையைப் போலப் பார்த்தாள். கூடத்தில் ஆள் இல்லாத நேரத்தில் தள்ளி நின்று, கண் எங்கே இடறுகிறதோ அங்கெல்லாம் வெளிக் கண்ணாடியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினாள். மொத்தம் ஒன்பது. சரிநடுவில் தூண்மாதிரி நட்டிருந்த மரக்கட்டைக்கு ஒன்று. அதன் இரண்டு பக்கமும் காவல்காரர்கள்போல் நின்ற ஒரே அளவுக் கற்களுக்கு ஒன்று. பிளாஸ்டிக் கோட்டைக்கு, பிய்ந்த நீலப் படத்துக்கு, மறைக்காமல் விட்ட குழாய்க்கு. எல்லாச் செடியும் ஒரே உயரத்தில் நின்றதற்கு இரண்டு. மணல் தரைபோல் சமமாக இருந்ததற்கு ஒன்று. பாசிக்கு ஒன்று.

“அம்மை போட்ட மாதிரி இருக்கு” என்றாள் ஆக்னஸ்.

“ஒவ்வொண்ணா உதுரும் பாருங்க சிஸ்டர்.”

கோட்டை போனது. நீலப் படம் கிழிந்து, அந்த இடத்தில் கறுப்பு சார்ட் பேப்பர் ஏறியது. அன்றைக்கே தொட்டி ஒரு முழம் ஆழமானதுபோல் தெரிந்தது. கட்டையை நடுவிலிருந்து எடுத்து வலப்பக்கம் சாய்த்து வைத்து, அதன்மேல் ஜெகன் கடையில் வாங்கிய பாசிச்செடியைக் கறுப்பு நூலால் கட்டினாள். நூல் கட்டுவது அவள் கைக்குப் புதிதல்ல; முடிச்சு எங்கே என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு கல்லைக் கட்டையின் காலடியில் வைத்து, மற்றதை வெளியே எடுத்தாள். மணலைப் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். அடுத்த வாரம் நீளச் செடிகளைக் கத்தரித்து, நுனிகளை மட்டும் பின்வரிசையில், குழாயை மறைக்கிற மாதிரி நட்டாள். முன்னால் புல்போன்ற குட்டைச்செடி, வல ஓரத்தில் சிவப்புச் செடி ஒன்று. இடப்பக்கம் வேண்டுமென்றே கொஞ்சம் வெறும் மணல்.

முடித்துவிட்டுப் பார்த்தால், தொட்டி மொட்டையாக நின்றது.

ஆறாம் நம்பர் படுக்கை கிருபாகரன், சாதாரணமாக வாயே திறக்காதவன். தென்மாவட்டத்திலிருந்து வந்து அயனம்பாக்கத்தில் ஃப்ளாட் எடுத்து, ஐடி கம்பெனியில் வேலை பார்த்தவன். வாரத்தில் மூன்று நாள் இங்கே வர ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. அன்றைக்கு அவன் அவளைக் கூப்பிட்டான்.

“அக்கா, நான் பாத்துக்கிட்டிருந்த காட்டையே வெட்டிட்டீங்களே. அந்தச் சின்ன மீனெல்லாம் எங்க ஒளியும்?”

அவளுக்குச் சுருக்கென்றது. இவ்வளவு நாளும் அவன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

“வேர் புடிக்கட்டும் தம்பி. பாஞ்சு நாள் பொறுத்துக்கோ.”

சரியாகப் பதினைந்தாம் நாள் மாதக் கடைசி. தொட்டிக்கு மேலே சுவரில் டிவி மாட்ட ஓட்டைகூடப் போட்டுவிட்டார்கள். வருகிறவர்கள் எல்லாம் “செடியெல்லாம் எங்கே போச்சு” என்று கேட்டார்கள். வீட்டில் கணவன் கன்னியப்பன் யோசனை சொன்னான்: “ரெண்டு பிளாஸ்டிக் செடிய சொருவிடு. எவனுக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியும்ல” என்றாள்.

செடி சீக்கிரம் வளர லைட்டைக் கூடுதல் நேரம் போடலாமா என்று கை இரண்டொரு முறை சுவிட்சுவரை போனது. போடவில்லை. வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர், தினமும் கண்ணாடி துடைப்பு, உதிர்ந்த இலையைப் பொறுக்குவது. அதற்குமேல் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் அவளுக்குப் பெரிய வேலையாக இருந்தது.

பத்தாம் நாள், வெட்டிய ஒவ்வொரு தண்டிலும் இரண்டு இரண்டாகத் துளிர் கிளம்பியிருந்தது. அப்புறம் நிற்கவில்லை. பின்வரிசை அடர்ந்து எழுந்தது. முன்வரிசை தரையோடு படர்ந்தது. கறுப்புப் பின்னணியில் பச்சை தனியாகத் தெரிந்தது. மிச்சமிருந்த சின்ன மீன்கள் கூட்டமாகக் கட்டையின் அடியிலிருந்து புறப்பட்டு, வெறும் மணல்மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பின. முன்பெல்லாம் அந்த நெரிசலில் அவை இருப்பதே தெரியாது.

மாதக் கடைசியில் டிவி வந்தது. ஆக்னஸ் ஆட்களை நிறுத்தி, தொட்டிக்கு முன்னால் வந்து குனிந்து பார்த்தாள். பிறகு, “ஃபார்மசி பக்கம் மாட்டுங்க” என்றாள். சாமுண்டீஸ்வரி வாளியை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய், கதவைச் சாத்தி, முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அடுத்த சனிக்கிழமை கிருபாகரன் அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டான். தொட்டிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“எப்படி தம்பி கீது?”

அவன் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்துவிட்டு, “நல்லாருக்குக்கா. ஆனா அந்தச் சிவப்புச் செடி மட்டும் ஓரத்துல துருத்திக்கிட்டு நிக்குது. கட்டைக்குப் பின்னாடி போனா எடுப்பா இருக்கும்” என்றான்.

அவள் அவன் பக்கத்தில் குனிந்து, அவன் பார்க்கிற உயரத்திலிருந்தே பார்த்தாள். அவன் சொன்னது சரிதான்.

“செவ்வாக்கிழமை வருவ இல்ல? அதுக்குள்ள மாத்தி வெச்சிடறேன். வந்து பாத்துட்டு சொல்லு.”