பிஷப்பின் கால்விரல்

பெரினாவின் அடுப்படிச் சுவர் ரோமச் சக்கரவர்த்தி கட்டினது. ஆணி இறங்காது. அது ஒன்றுதான் குறை. மற்றபடி அரண்மனைக்குள் குடியிருக்கிறோம் என்று அவள் அலட்டிக்கொண்டதில்லை. ஸ்ப்ளிட் பழைய ஊரே அந்த அரண்மனைக்குள்தான்; எல்லாரும் அப்படித்தானே கிடக்கிறோம்.

கிழக்கு வாசல் சந்தையில் கீரை விற்பாள். ஊர் பார்க்க வருகிறவர்கள் வழி கேட்டால் தலை நிமிராமல் சொல்வாள்: மணிக்கூண்டு நேரே, நிலவறை கீழே, கால்விரல் வடக்கு வாசலுக்கு வெளியே. கால்விரல் என்றால் வெண்கல பிஷப்புடையது. சிலை மாடி உயரம். கட்டைவிரலைத் தடவி வேண்டிக்கொண்டால் நினைத்தது நடக்குமாம். வந்தவர்கள் தடவித் தடவி அந்த விரல் மட்டும் பொன்னாய் மின்னுகிறது. உள்ளூர்க்காரர் தொட்டால் மானம் போச்சு. பெரினாவுக்கோ வாய் அதிகம். பிஷப்புக்குக் காது இருந்தால் முதலில் என் கீரையை விற்றுத் தரட்டும் என்பாள்.

அவள் புருஷன் லுக்‌ஷாவுக்கு மறுநாள் காலையில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். மனுஷன் அசரவே இல்லை. மீனும் கீரையும் வயிறு முட்டத் தின்றுவிட்டு, கூட்டாளிகளோடு குண்டு உருட்டி விளையாடப் போவதாகச் சொல்லிக் கிளம்பினான். கல்நெஞ்சக்காரன், டாக்டர் கத்திதான் உடையப்போகிறது என்று பெரினா வாய்விட்டுத் திட்டினாள்.

அவன் தலை மறைந்ததும், மகள் விட்டுப்போன ஓலைத் தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு வடக்கு வாசலுக்குப் போனாள். மஞ்சள் குடை பிடித்த வழிகாட்டியின் பின்னால் ஒரு ஜெர்மன் கூட்டம் நின்றது. அதில் புகுந்து, பாஷை புரிந்தவள் மாதிரி தலையாட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள்.

அவளுக்கு முன்னால் நின்றவன் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டிருந்தான். கழுத்தில் காமிரா. விரலைப் பிடித்தவன் விடவே இல்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பின்னால் முணுமுணுத்தார்கள். அப்போதுதான் பெரினா அவன் சட்டை முழங்கையில் இருந்த ஒட்டைப் பார்த்தாள். அது அவள் தைத்த ஒட்டு.

இத்தனை நாளும் இந்த மனுஷன் பயந்துகொண்டா இருந்தான்?

"குண்டு உருட்டப் போறேன்னியே?" என்றாள் மெதுவாக.

லுக்‌ஷா திரும்பினான். ஓலைத் தொப்பியை மேலும் கீழும் பார்த்தான். "நீ எங்க இங்க?"

"ஊர் பாக்க வந்தேன். கொஞ்சம் தள்ளிப் பிடிய்யா, எனக்கும் அதே வேண்டுதல்தான்."

அவன் விரலை விடவில்லை. அவள் அவன் கைமேலேயே கையை வைத்தாள். எந்த நாடு என்று வழிகாட்டி ஆங்கிலத்தில் கேட்டாள். ரொம்பத் தூரம் என்றான் லுக்‌ஷா.

இப்போது சந்தையில் யாராவது வழி கேட்டால், பெரினா கால்விரலைத்தான் முதலில் சொல்கிறாள். பக்கத்தில் கீரை கட்டிக்கொண்டிருக்கும் லுக்‌ஷா தலை நிமிர்வதில்லை.