மீனுக்கு ஒரு கைப்பிடி காப்பர்

கடல்மீன் தொட்டியில் என் கோமாளி மீன்கள் இரண்டும் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு மூச்சு வாங்கியபோதுதான் அந்த மகா யோசனை உதித்தது. ஒட்டுண்ணிக்கு மருந்து காப்பர் சல்பேட்டாம். கும்மிடிப்பூண்டி முலாம் கம்பெனியில் அது மூட்டைமூட்டையாய் இருக்குமே!

அங்கே லேப் பார்ப்பவர் டீயைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

"அண்ணா, ஒரு கைப்பிடி போதும்."

"இரும்புக்கே நாங்க அளந்து ஊத்தறோம். மீனுக்குக் கைப்பிடியா? தொட்டில வேற இன்னா கீது?"

"பவளம், இறால்."

"அதுங்களுக்குக் காப்பர் விஷம்பா. மாலையும் வாங்கிக்கினு போ. புது மீனைத் தொட்டில வுடறதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் தனியா வச்சுப் பார்த்தியா?"

"கடைக்காரர் நோயே இல்லன்னாரு."

"விக்கிறவரு வேற இன்னா சொல்வாரு? வர்ற மூட்டையையே நாங்க சோதிச்சுட்டுத்தான் உள்ள வுடுவோம்."

அவர் மீனே வளர்த்ததில்லையாம். மூன்று வாரம் இணையத்தில் நீந்திய எனக்குத் தெரியாதது அவருக்கு எப்படித் தெரிந்தது? நாளை மீன்களைத் தனித் தொட்டிக்கு மாற்றி, மீன் மருந்தாக விற்கும் காப்பரையே அளந்து போடப்போகிறேன். மீனில்லாத பெரிய தொட்டியில் ஒட்டுண்ணி இரண்டு மாதம் பட்டினி கிடக்கட்டும்.