யன்னலுக்கு ஒரு பெர்மிற்

இந்த நாட்டில் சொந்த வீட்டுச் சுவரை வெட்டுவதற்கும் நகரசபையிடம் கேட்க வேண்டும். கேட்டதற்குச் சாட்சியாக ஒரு கடதாசியைத் தெருவால் போகிற சனமெல்லாம் பார்க்க முன் யன்னலில் ஒட்டிவைக்கவும் வேண்டும். இங்கே மல்வேர்ன் பகுதியில் வீடு வாங்கிய புதிதில் பக்கத்து வீட்டு யன்னலில் அப்படியொன்றைக் கண்டு, பாவம், வீடு ஏலத்தில் போகப்போகிறதாக்கும் என்று நான் பரிதாபப்பட்டேன். அது குளியலறை திருத்துவதற்கான பெர்மிற்றாம்.

அந்தக் கடதாசி எனக்கும் தலையிடியாகும் என்று அப்போது தெரியாது. கொழும்பு லொட்ஜில் காத்துக் கிடந்த என் தங்கை வசந்திக்கும் அவள் மகளுக்கும் விசா கிடைத்துவிட்டது. அவர்கள் வருவதற்குள் எங்கள் வீட்டுக்குக் கீழே, நிலத்துக்குள் இருக்கிற பேஸ்மென்றில் ஓர் அறை கட்ட வேண்டும். குகன் அண்ணை என்ற கொன்ராக்ரரை என் கணவர் பிடித்துவந்தார். விசாரித்துவிட்டேன் என்றார். உண்மைதான், கலியாணத்துக்கு விசாரிக்கிற மாதிரியே விசாரித்திருந்தார். எந்த ஊர், ஆருடைய மருமகன், எங்கே படித்தவர், தமையன் ஏன் இரண்டாம் தாரம் முடித்தவர் என்பதுவரை தெரியும். அந்த மனிதர் கட்டிய அறையில் மனிசர் பயமில்லாமல் படுக்கலாமா என்பதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. என்னோடு வேலை செய்கிற போர்த்துக்கேயப் பெண் மரியாதான், அவர் முன்பு செய்த வேலைகளுக்குப் பெர்மிற் எடுத்தாரா என்று நகரசபையில் கேட்டுப்பார் என்றாள். இவரிடம் சொன்னால், எங்கட ஊர்க்காரரைச் சந்தேகப்படுறியோ என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி நகரசபைக்குப் போனேன். கவுன்ரரில் இருந்த பெண் விலாசம் கேட்டாள். குகன் அண்ணையின் வீட்டு விலாசத்தைக் கொடுத்தேன். அது அல்ல, அவர் வேலை செய்த வீடுகளின் விலாசம் வேண்டுமாம். ஆளை நான் நன்றாக அறிவேன், நல்ல குடும்பம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் விளக்கினேன். இங்கே வீட்டுக்குத்தான் வரலாறு என்று அவள் சிரித்தபடி சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

சரி, விலாசந்தானே என்று நினைத்தேன். குகன் அண்ணை வேலை செய்த வீட்டுக்காரர் எல்லோரும் எங்களுக்குத் தெரிந்த சனம். அவருடைய கைவேலையைக் கோயிலில் வாய் ஓயாமல் புகழ்ந்த ராணி அன்ரிக்குத்தான் முதலில் போன் எடுத்தேன். நகரசபை என்ற சொல்லைக் கேட்டதும் அவவின் குரல் மாறிவிட்டது. “ஏன் பிள்ளை, என்ர பேஸ்மென்றிலை நாலு சனம் வாடகைக்கு இருக்கிறது உமக்குக் கண்ணுக்கை குத்துதோ?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டா. அந்த வெள்ளிக்கிழமை றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போனால், நான் எல்லோரையும் நகரசபையில் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று கதை எனக்கு முன்னமே போய் நிற்கிறது. பிரசாதம் தந்தவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. இவர் காருக்குள் ஏறியதும், “இப்ப சந்தோசமோ?” என்றார். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. ஒரு பெர்மிற்றைப் பற்றிக் கேட்கப்போய் ஊரையே பகைத்துக்கொண்டேனே!

அடுத்த நாள் குகன் அண்ணையே வந்துவிட்டார். கோபம்தான், ஆனால் ஒளிவுமறைவில்லை. “தங்கச்சி, என்னட்டைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பன். ஒருநாளும் பெர்மிற் எடுத்ததில்லை. எடுத்தா யன்னலைப் பெரிசாக்கச் சொல்லுவாங்கள், கொங்கிறீற்றை வெட்ட வேணும், வெளியிலை குழி தோண்ட வேணும். நிலத்துக்குக் கீழை இருந்து ஆர் யன்னலாலை எட்டி விடுப்புப் பாக்கப் போகினம்?”

படிக்கட்டுக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஹீற்றர். அங்கே நெருப்புப் பிடித்தால், ஆள் நுழைந்து வெளியேறக்கூடிய யன்னலைத் தவிர அறைக்குள் இருப்பவர்களுக்கு வேறு வழியில்லை. அதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது வேறொன்று வாயில் வந்தது.

“குகன் அண்ணை, ஊரிலை உங்கட வளவுப் பங்கருக்கு எத்தினை வாசல்?”

அவர் என்னைப் பார்த்தார். “ரெண்டு.”

“நகரசபை சொல்லியோ வெட்டினியள்?”

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தார். பிளேன் குண்டு போடும்போது பதுங்குகிற குழியின் ஒரு வாசலில் குண்டு விழுந்து மண் மூடினால் மற்றதால் வெளியே வர வேண்டும் என்று எங்களில் யாருக்கும் யாரும் படிப்பிக்கவில்லை. பிளேன் சத்தம் கேட்கும் இடத்தில் இருந்த புத்தி, அது கேட்காத இடத்துக்கு வந்ததும் எங்கே போனது என்றுதான் எனக்கு எரிச்சல். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, பெர்மிற்றுக்கு எங்கே போக வேணும் என்று குகன் அண்ணை கேட்டார். வேலை முடியும்வரை புறுபுறுத்துக்கொண்டே இருந்தார். ஆனாலும் தன் பெயரில் வந்த முதல் பெர்மிற்றை எங்கள் முன் யன்னலில் அவரேதான் ஒட்டினார். ராணி அன்ரி இன்றுவரைக்கும் என்னோடு கதைப்பதில்லை.

வசந்தி பனிக்காலத்தில் வந்து சேர்ந்தாள். கீழே கூட்டிக்கொண்டு போனேன். புதுக் கார்ப்பெற்றையோ பெயின்ற்றையோ அவள் பார்க்கவில்லை. நேரே யன்னலடிக்குப் போய்த் திறந்தாள், மகளைத் தூக்கி வெளியே விட்டுப் பார்த்துத் திரும்ப இழுத்தெடுத்தாள். பிள்ளை கையில் பனியோடு சிரித்தது. வசந்தி செருப்பைக் கழற்றி, கதவடியில் விடாமல் யன்னலுக்குக் கீழே வைத்தாள்.

“இஞ்சை பிளேன் வாறேல்லைத்தானே, அக்கா?”

“வரும். சனத்தை இறக்கத்தான் வரும்” என்றேன்.

“ஓம், தெரியும்” என்றாள். செருப்பை மட்டும் எடுக்கவில்லை. அவளை நினைத்துச் சிரித்துக்கொண்டே மேலே என் அறைக்கு வந்தேன். கட்டிலடியில் என் செருப்பும், இத்தனை வருடம் கழித்தும், வாசலைப் பார்த்தபடிதான் கிடந்தது.