யஜமானரின் குரல்

பெங்களூருக்கு வந்த நாளிலிருந்து என் போன் என்னைக் கன்னடக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. வீடியோ பார்க்கத் திறந்தால் மாண்டியாவின் கரும்பு ஆலையும் ஹாசனின் மாட்டுச் சந்தையும் வந்து நிற்கின்றன. ஊருக்குப் போகும்போது ரயில் ஜோலார்பேட்டையைத் தாண்டியதும் அதற்கே ஞானம் பிறந்து தமிழுக்கு மாறிவிடுகிறது. திரும்பி வருகையில் மறுபடியும் கரும்பு ஆலை. இரண்டு பக்கத்திலும் அது என்னை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

குடியாத்தத்தில் இருக்கும் உங்களுக்கு என் பழக்கம் தெரியும். செய்தித்தாளில் விசித்திரமாக ஏதாவது வந்தால் கத்தரித்து, நோட்டில் ஒட்டி, தேதி எழுதி, பஸ் நிலையத்துக்கு எதிரில் இருந்த சலூனுக்கு எடுத்துப்போவேன். இரண்டு தலை கொண்ட கன்றுக்குட்டியைக் காட்டினால் அங்கிருந்த ஏழெட்டுப் பேரும் அதே கன்றுக்குட்டியைத்தான் பார்த்தார்கள். இங்கே கத்தரிக்கோல் வேண்டாம், விரல் போதும். வீடியோ கிடைத்ததும் எந்த நாள் பார்த்தேன், எங்கே எடுத்தது என்று நோட்டில் குறித்துவிட்டு, ஊர் நண்பர்களான உங்களுக்கும், பொம்மசந்திராவில் என்னோடு வேலை பார்ப்பவர்களுக்கும், ஜோகுபாளையத்தில் எங்கள் கட்டட வாட்ஸப் குழுவுக்கும் அனுப்புவேன். மூன்று இடத்திலும் மூன்று விதமாகப் பார்க்கிறார்கள். அதை எந்த நோட்டில் குறிப்பது என்று தெரியவில்லை.

போன மாதம் கிடைத்தது ஒரு தட்டு இட்லி வீடியோ. தள்ளுவண்டிக்காரர் ஒருவர், கொதிக்கும் பாத்திரத்திலிருந்து இட்லித் தட்டுகளை வெறுங்கையால் எடுத்து அடுக்குகிறார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. பின்னால் ஏதோ துள்ளல் பாட்டு. மேலே 'இன்று காலை, பெங்களூரு' என்று எழுதியிருந்தது. மூன்று குழுக்களுக்கும் அனுப்பினேன். கட்டடக் குழுவில், கீழ்வீட்டு ரத்னம்மாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. குணிகல் பக்கத்துக் கிராமத்திலிருந்து மகள் வீட்டோடு இருக்க அண்மையில் வந்தவர், தமிழ் தெரியாது. "இவ்ரு நம் யஜமான்ரு" என்றார்.

யாரோ முதலாளியைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த கன்னடத்தைத் திரட்டி, "தும்பா சந்தோஷ, அவ்ரிகெ நன்ன நமஸ்கார ஹேளி" என்று பதில் போட்டேன். ரொம்ப மகிழ்ச்சி, அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் எதிர்வீட்டுச் செல்வி கதவைத் தட்டினாள். மூன்று தலைமுறையாக இதே பேட்டையில் இருக்கும் குடும்பம்.

"இன்னாண்ணா பண்ணி வெச்சிக்கீறீங்க? யஜமான்ருன்னா வூட்டுக்காரரு. அவரு போய் ரெண்டு வருசம் ஆச்சி. யாருகிட்ட நமஸ்காரம் சொல்லச் சொல்றீங்க?"

"இன்னைக்குக் காலையிலன்னு போட்டிருந்துதேம்மா."

"எதுக்கெடுத்தாலும் தேதி எழுதறீங்க. ஆளு இருக்காரா இல்லயான்னு ஒரு வார்த்த எழுதக் கூடாதா?"

கீழே போய் மன்னிப்புக் கேட்டேன். ரத்னம்மா அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. என் போனைக் கையில் எடுத்து, பாட்டு ஒலித்த இடத்தைச் சுட்டி, "ஈ ஹாடு பேடா அண்ணா. அவ்ர் தனி பேக்கு" என்றார். இந்தப் பாட்டு வேண்டாம், அவர் தனியாக வேண்டும். அப்படித்தான் புரிந்தது. அடுத்த நாள் வீடியோவை நிறுத்தி, சுற்றியிருந்த வாடிக்கையாளர்களை வெட்டிவிட்டு, அவர் மட்டும் இருக்கிற மாதிரி ஒரு படம் அச்செடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். பிறகு இது இல்லை என்று தலையை ஆட்டி, தன் தொண்டையில் இரண்டு விரலை வைத்துக் காட்டினார். கன்னடத்தில் தனி என்றால் குரல்.

செல்வியை உட்கார வைத்து முழுதாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கணவர் பதினைந்து வருடம் இங்கே தனியாக வண்டி போட்டிருக்கிறார். ரத்னம்மா ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டார். பேசியதெல்லாம் பட்டன் போனில். போட்டோ நான்கைந்து இருக்கிறது, குரல் எங்குமே இல்லை. இந்த வீடியோவில் அவர் வாய் அசைகிறது. என்ன பேசினார் என்பது பாட்டுக்கு அடியில் கிடக்கிறது.

தேடினேன். அதே வீடியோ வேறு வேறு பாட்டுகளோடு வேறு வேறு ஊர்ப் பெயர்களில் கிடைத்தது. ஒன்றில் அவர் மைசூர்க்காரர், இன்னொன்றில் ஹைதராபாத். ஒவ்வொன்றிலும் 'இன்று காலை'. இத்தனை வருடம் நான் குறித்து வைத்த தேதிகள் எதன் தேதிகள் என்று குழப்பம் வந்துவிட்டது. பதிவேற்றிய எல்லோருக்கும் எழுதினேன். ஒன்பதாம் நாள், ஒருவர் மட்டும் மூலத்தை அனுப்பினார். போனில் அவரே எடுத்தது, பாட்டு இல்லாதது.

நான் முதலில் கேட்காமல் அப்படியே கீழே கொண்டுபோனேன். அது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை. பாத்திரம் தடதடக்கிற சத்தம், ஆட்டோ ஹாரன், பிறகு அவர் குரல்: "சூடு இருக்குது, கொஞ்சம் பொறுங்கோ. இன்னொண்ணு வெக்கவா அண்ணா?"

ரத்னம்மா மூன்று முறை கேட்டார். என்னைப் பார்த்து, "அவ்ரிகெ தமிள் பர்த்திர்லில்ல" என்றார். அவருக்குத் தமிழ் வராது. குரல் அவருடையதா என்று கேட்டேன். தனி அவருடையதுதான், மாது அவருடையது இல்லை என்றார். மாது என்றால் பேச்சு. இம்முறை சரியாகப் புரிந்துகொண்டேன். பதினைந்து வருடம் அவர் இங்கே என்னைப் போன்றவர்களுக்கு இட்லி வைத்துக் கற்ற தமிழ், வீட்டுக்குப் பேசிய போனில் ஒருநாளும் வந்ததில்லை.

"ஏனு ஹேள்தாரெ?" என்ன சொல்கிறார்?

அவர் புருஷன் பேசியதை அவருக்கு நான் கன்னடத்தில் சொல்ல வேண்டியிருந்தது. தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

"சென்னாகி மாதாட்தாரா?" நன்றாகப் பேசுகிறாரா?

"என் கன்னடத்தவிட நல்லாவே பேசறாருன்னு சொல்லு" என்று, சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்ற செல்வியிடம் சொன்னேன். அவள் சொன்னதும் ரத்னம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

அடுத்த ஞாயிறு காலை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். இரண்டு தட்டு இட்லி வைத்தார். தின்று முடிக்கும் நேரத்தில் மூன்றாவதைக் கரண்டியில் ஏந்தி வந்து நின்று, "இன்னொண்ணு வெக்கவா அண்ணா?" என்றார். ஒரு எழுத்து பிசகாமல், அதே இழுப்போடு. தமிழில் கேட்டவருக்கு என் வாயில் வந்தது, "சாக்கம்மா". போதும் என்பதைக் கன்னடத்தில் சொல்லியிருந்தேன்.

அதற்கு மேல் அவரிடம் தமிழ் இல்லை. என்னிடம் கன்னடம் இல்லை. இருவருக்கும் நடுவில் கரண்டியில் அந்த இட்லி ஆவி விட்டுக்கொண்டிருந்தது.