ரெண்டு சீட்டு வண்டி

பம்பாய் மாட்டுங்காவில் பிரம்மநாயகம் பிள்ளை வீட்டில் புது வண்டி வாங்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் டிரைவர் மிக்கேல்ராஜ் நிறத்தைக் கேட்கவில்லை. எந்த நாட்டு வண்டி என்றும் கேட்கவில்லை. "எத்தனை சீட்டு?" என்றுதான் கேட்டார்.

"ரெண்டே ரெண்டு," என்றான் சுப்ரமணியன். பிள்ளையின் ஒரே மகன். மூன்று வருஷம் சீமையில் படித்துவிட்டு, கழுத்தில் பட்டுத்துணி சுற்றிக்கொண்டு திரும்பி வந்தவன். சின்ன வயதில் அவனைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விட்டதும் கூட்டி வந்ததும் மிக்கேல்ராஜ்தான். அப்போதெல்லாம் 'மிக்கேல் மாமா' என்பான். கப்பலிலிருந்து இறங்கிய அன்றே அது 'டிரைவர்' ஆகிவிட்டது.

"அப்ப நான் எங்க தம்பி உக்கார?"

"டிக்கியில!"

வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். மிக்கேல்ராஜும் சிரித்தார். சம்பளம் வாங்குகிறவன் அந்த இடத்தில் வேறென்ன செய்ய முடியும்?

ஆனால் விஷயம் சிரிப்பு இல்லை. வீட்டில் இருந்த அம்பாசடர், மெட்ராஸில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் போகப் போகிறது. பிள்ளைக்கு நெஞ்சுவலி வந்து போனதிலிருந்து ஆபீசுக்குப் போவது வாரத்தில் ரெண்டு நாள்தான். அந்த ரெண்டு நாளும் மகனே பக்கத்தில் உட்கார வைத்துக் கூட்டிப் போய்விடுவான். அப்புறம் டிரைவர் எதற்கு? யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரியணுமா? மிக்கேல்ராஜுக்கு வயது ஐம்பது. அந்த வயதில் புதிதாக ஒருவனை எந்த வீட்டிலும் ஸ்டியரிங்கில் உட்கார வைக்க மாட்டார்கள். கண்ணைக் கேட்பார்கள், கையைக் கேட்பார்கள், அப்புறம் 'பார்க்கலாம்' என்பார்கள்.

இதில் இன்னொரு கூத்து. எந்த வண்டியை வாங்குவது என்று ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டியதும் அவர்தான். தன் வேலைக்கு உலை வைக்கிற வண்டியைத் தானே பொறுக்கி எடுத்துக் கொடுக்க வேண்டும்.

வண்டி பார்ப்பதில் அவர் கில்லாடி. அதில் சந்தேகமே இல்லை. சண்டைக் காலத்தில் பட்டாள லாரி டிப்போவில் எடுபிடியாகச் சேர்ந்து, அடிபட்டு வருகிற லாரிகளுக்கு அடியில் படுத்தே வேலை கற்றவர். பானெட்டில் கையை வைத்தால் போதும், உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். கடைசியாக ஒன்று செய்வார். வண்டியைத் தேங்கின தண்ணீரில் இறக்கி, காய்ந்த தரையில் ஏற்றி, நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கி வந்து டயர் தடத்தைப் பார்ப்பார். முன்சக்கரம் போன வழியிலேயே பின்சக்கரமும் போயிருக்க வேண்டும். தெருநாய் ஓடும்போது கவனித்தால் தெரியும், பின்காலைக் கொஞ்சம் ஒரு பக்கமாகத் தள்ளிப் போட்டு ஓடும். ஒரு வண்டி அப்படி ஓடினால் அது எங்கேயோ பலமாக மோதி, சேஸ் என்கிற அடிச்சட்டம் வளைந்து, ஒட்டுப்போட்ட வண்டி. மேலே என்ன பெயிண்ட் அடித்தாலும் தடம் காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் பார்த்தது எம்.ஜி. என்கிற சீமை வண்டி, பச்சை நிறம். கொலாபாவில் ஒரு வெளிநாட்டு ஆபீசர், ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் விற்க வைத்திருந்தான். மிக்கேல்ராஜ் அதை ஒர்லி வரை ஓட்டிப் போய்த் திரும்பினார். கடற்கரை ரோட்டில் கியர் மாறுவதே தெரியவில்லை. கால் தொட்டால் ஓடியது, எடுத்தால் நின்றது. இருபது வருஷம் அம்பாசடரையும் அதற்கு முந்தின லேண்ட்மாஸ்டரையும் இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கை, அன்றைக்குத்தான் வண்டி என்றால் என்ன என்று தெரிந்துகொண்டது. நல்ல வண்டி. அதைவிட நல்லது பம்பாயில் கிடைக்காது.

இறங்கி, துணியில் கையைத் துடைத்தார்.

"எப்படி இருக்கு?" என்றான் சுப்ரமணியன்.

"கியர் பாக்ஸ் போச்சு தம்பி. ரெண்டு மாசம் தாங்காது."

அந்த வீட்டில் அவர் சொன்ன முதல் பொய் அதுதான். வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

அடுத்தது பாந்த்ராவில் ஒரு வெள்ளை வண்டி. அதற்குப் பொய் சொல்லத் தேவையே வரவில்லை. கிளப்பினதும் கரும்புகையைக் கக்கி, தெருவில் நின்ற ஜனமெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியது.

சனிக்கிழமை சாயங்காலம் மிக்கேல்ராஜ் தான் குடியிருந்த தாராவியில் கோயிலுக்குப் போய், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். தாராவிக்காரர்கள் வழக்கமாகச் சொல்கிற குடி, சண்டை, கெட்ட வார்த்தை எல்லாம் கேட்டுக் களைத்திருந்த சாமியார், கியர் பாக்ஸ் கதையைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மூணு ஜெபமாலை சொல்லு. ஆனா அது மட்டும் போதாது. யார்கிட்ட பொய் சொன்னியோ, அவங்ககிட்டயே போய் உண்மையைச் சொல்லணும்."

"வேலை போயிரும் சாமி."

"போகட்டும்."

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். மிக்கேல்ராஜ் மூணு ஜெபமாலையையும் சொன்னார். மற்றதை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். மனைவி லூர்தம்மாளிடம்கூட மூச்சு விடவில்லை.

மூன்று வாரம் போனது. ஒருநாள் சுப்ரமணியன் கிளப்பிலிருந்து முகம் சிவக்க வந்தான். பச்சை வண்டியை அவன் சிநேகிதன் ஒருத்தன் வாங்கி, காட் மலைரோட்டில் ஏறி இறங்கி, பூனா போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டானாம். ஒரு சின்னத் தொந்தரவு இல்லையாம். கிளப்பில் நாலு பேர் முன்னால் இவனைக் கேலி வேறு செய்திருக்கிறார்கள்.

பிள்ளை சாய்வு நாற்காலியில் இருந்தபடி கூப்பிட்டார். "என்ன வே மிக்கேலு, கியர் பாக்ஸ் போச்சுன்னீரு. வண்டி பூனாவுக்கே போயிட்டு வந்துட்டுதாமே?"

அதுதான் சமயம். அப்போது சொல்லியிருக்கலாம். "எனக்கு அப்படித்தான் பட்டுச்சு ஐயா," என்றார் மிக்கேல்ராஜ்.

"பட்டிருக்கும், பட்டிருக்கும். பின்சீட்டு இல்லாத வண்டி எது ஓட்டினாலும் உமக்குக் கியர் பாக்ஸ் போனாப்லதான் படும்," என்றார் பிள்ளை. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

மூன்றாவது வண்டி குர்லாவில் இருந்தது. சிவப்பு. ரத்தச் சிவப்பு. அய்யாத்துரை என்கிறவனுடைய பட்டறையில், தார்பாய் விரித்து மூடி வைத்திருந்தான். அய்யாத்துரையும் திருநெல்வேலிப் பக்கத்து ஆள்தான். மிக்கேல்ராஜை நன்றாகத் தெரியும்.

ஜூலை மாதம். மழை விட்டு, கொஞ்சம் வெயிலும் அடித்திருந்தது. தார்பாயை இழுத்ததும் சுப்ரமணியனுக்கு வாய் பிளந்துவிட்டது. சுற்றிச் சுற்றி வந்தான். கதவைத் தடவினான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்து முடிவு செய்துவிட்டவன் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

"புது வண்டி மாதிரி சார். ஆயிரம் மைல்கூட ஓடல," என்றான் அய்யாத்துரை.

மிக்கேல்ராஜ் ஏறி உட்கார்ந்தார். பட்டறைக்கு வெளியே ஒரு சுற்றுதான். முப்பது மைல் வேகத்தில் பிரேக்கைத் தொட்டதும் ஸ்டியரிங் இடது பக்கம் ஒரு வெட்டு வெட்டியது. குட்டையில் இறக்கி, காய்ந்த சிமென்ட் தரையில் ஏற்றி, இறங்கி வந்து பார்த்தார். பின்தடம் நாலு விரல் விலகிக் கிடந்தது. சட்டையைக் கழற்றிவிட்டு சேற்றில் மல்லாக்கப் படுத்து அடியில் பார்த்தார். புதுத் தார்ப்பூச்சு. நகத்தால் சுரண்டினார். உள்ளே வெல்டிங் ஒட்டு, மண்புழு கனத்துக்குத் தடித்து ஓடியது.

எழுந்து வந்தார். முதுகெல்லாம் சேறு.

"இது வேண்டாம் தம்பி. பெருசா அடிபட்ட வண்டி. சேஸை ஒட்டி வச்சிருக்கான். வேகத்துல பிரேக் போட்டா இடது பக்கம் இழுத்துட்டுப் போய் ஆளைக் கொன்னுடும்."

"ஏலே மிக்கேலு," என்றான் அய்யாத்துரை, "வயசாச்சுன்னா கை நடுங்கத்தான் செய்யும். அதுக்கு என் வண்டியைக் குத்தம் சொல்லுதியா?"

சுப்ரமணியன் சிகரெட் பற்ற வைத்தான். "அதுக்குக் கியர் பாக்ஸ், இதுக்கு சேஸ். அடுத்த வண்டிக்கு என்ன, டிரைவர்? ஹாரனா?"

"குனிஞ்சு பாருங்க தம்பி. ஒட்டு தெரியும்."

அவன் தன் வெள்ளைக் கால்சட்டையைப் பார்த்தான். சேற்றைப் பார்த்தான். "எனக்கு வேற வேலை இல்ல?"

மிக்கேல்ராஜ் கையிலிருந்த சேற்றைத் துடைத்தார். தோளில் தூக்கிச் சுமந்த பிள்ளை இது. வாங்கிவிடுவான். இன்றைக்கே வாங்கி, இன்றைக்கே பூனா ரோட்டில் அறுபதில் போவான். சாமியார் சொன்னது இப்போது ஞாபகம் வந்தது. வேலை போகட்டும்.

"தம்பி, பச்சை வண்டி விஷயத்துல நான் சொன்னது பொய். அது நல்ல வண்டி. என் வேலை போயிருமேன்னு சொல்லிட்டேன். தப்புதான். வீட்டுக்குப் போனதும் என் கணக்கைத் தீர்த்து அனுப்பிருங்க. ஆனா இது சத்தியம். இந்த வண்டியைத் தொடாதீங்க."

சுப்ரமணியன் அவரை மேலும் கீழும் பார்த்தான். "ஆக, பொய் சொன்னேன்னு நீங்களே ஒத்துக்கறீங்க."

"ஆமா."

"அப்ப இதை மட்டும் நான் எப்படி நம்பறது?"

நியாயமான கேள்விதான். மிக்கேல்ராஜுக்குத் தெரிந்த பதில் ஒன்றே ஒன்று. கையிலும் காலிலும்தான் அது இருந்தது.

"ஏறுங்க. காட்டுறேன்."

செம்பூர் நாகா என்கிற சாலைச் சந்திப்பைத் தாண்டி டிராம்பே ரோட்டில் போனார்கள். ஆலைப்பக்கம் நேர்ரோடு. ஒரு ஓரமாக எண்ணெய்க் குழாய்கள், அவற்றைத் தாங்குகிற சிமென்ட் தூண்கள். ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து மிக்கேல்ராஜ் வேகத்தைக் கூட்டினார். நாற்பதில் காட்டினாலே போதும் என்றுதான் நினைத்திருந்தார். சுப்ரமணியன் விடவில்லை. "நாற்பதுல எல்லா வண்டியும் ஆடும். ஐம்பது போங்க. பயமா?" ஐம்பது போனார்.

"கெட்டியா பிடிச்சுக்கிடுங்க," என்று சொல்லிவிட்டு பிரேக்கை மிதித்தார்.

வண்டி இடது பக்கம் பாய்ந்தது. அவர் நினைத்ததைவிட மோசமாகப் பாய்ந்தது. இடது பக்கம் தூண். இடது பக்க சீட்டில் பையன். மிக்கேல்ராஜ் ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுசாக ஒடித்து முறுக்கினார். ஈரத்தில் வண்டி அரைவட்டம் சுழன்று, தூணில் அவர் பக்கக் கதவு போய் அடித்தது.

சுப்ரமணியனுக்கு நெற்றியில் ஒரு கீறல். மிக்கேல்ராஜுக்கு வலது கால் முட்டிக்கு மேலே நசுங்கிவிட்டது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் எடுத்துவிட்டார்கள்.

லூர்தம்மாள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாக் கதையையும் கேட்டாள். பச்சை வண்டிக் கதையையும் அன்றைக்குத்தான் கேட்டாள். அழவில்லை. "இருபது வருசத்துல ஒரு பொய் சொன்னீங்க. அதையாவது ஒழுங்கா கட்டிக்காக்கத் தெரியுதா உங்களுக்கு?" என்றாள்.

பிள்ளை வரவில்லை. ஆள்தான் அனுப்பினார். வண்டியை வாங்கவிடக் கூடாது என்றே கொண்டுபோய் மோதியிருக்கிறான், ஒரே மகனைக் கொல்லப் பார்த்திருக்கிறான், போலீசுக்குப் போகாமல் விட்டதே பழைய பழக்கத்துக்காகத்தான், இனி வாசல்பக்கம் வர வேண்டாம். வந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டு மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லிவிட்டுப் போனான்.

சுப்ரமணியன் ஒரு தடவை வந்தான். நெற்றியில் பிளாஸ்திரி. கையில் சாத்துக்குடிப் பை. போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வண்டி இழுத்துச்சு மாமா. எனக்குத் தெரியும். நீங்க என் பக்கம் அடிபடாம திருப்பினதும் தெரியும்."

"அதை அப்பாகிட்ட சொல்லுங்க தம்பி. எனக்கு வேலை வேண்டாம். நான் கொல்லப் பார்க்கலன்னு மட்டும் அவருக்குத் தெரிஞ்சாப் போதும்."

"அவருக்கு நெஞ்சுவலி... நான்தான் ஐம்பதுல போகச் சொன்னேன்னு தெரிஞ்சா..." பையைக் கட்டிலோரம் வைத்தான். "சமயம் பார்த்துச் சொல்றேன் மாமா."

சொல்லவில்லை. அடுத்த மே மாதம் பிள்ளை காலமாகிவிட்டார். சமயம் வரவே இல்லை போலிருக்கிறது. மகன் கடைசியில் ரெண்டு சீட்டு வண்டி எதுவும் வாங்கவில்லை. ஒரு ஃபியட் வாங்கினான், வேறொரு டிரைவரை வைத்துக்கொண்டான். மோதின சிவப்பு வண்டியை அய்யாத்துரையே பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தான்.

மிக்கேல்ராஜ் கட்டைக் காலை ஊன்றிக்கொண்டு செம்பூர் நாகாவில் பீடியும் தீப்பெட்டியும் விற்றார். லூர்தம்மாள் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். அவர் யாரிடமும் இந்தக் கதையைச் சொல்வதில்லை. கேட்டால் 'ஆக்சிடெண்ட்' என்பார், அவ்வளவுதான்.

மறுவருஷ மழையில் ஒருநாள், சாயங்காலம், நாகாவில் ஒரு வண்டி வந்து நின்றது. பளபளவென்று நீலம். ரெண்டு சீட்டு. உள்ளே ஒரு வாலிபனும் ஒரு பெண்ணும். அவள் கையில் மருதாணிச் சிவப்பு மங்கவில்லை, அவ்வளவு புதுக் கல்யாணம். நல்ல வண்டி என்று எல்லாரையும் போலத்தான் அவரும் பார்த்தார். அப்புறம் அது வந்த வழியைப் பார்த்தார். ஓரத்துத் தண்ணீரிலிருந்து ஏறி, மேட்டில் காய்ந்திருந்த சிமென்ட் ரோட்டில் போட்டுவந்த தடத்தைப் பார்த்தார்.

பீடித் தட்டு சரிந்து சேற்றில் கொட்டியது. அவர் கவனிக்கவில்லை. கட்டையை ஊன்றி ஊன்றி ஓடினார்.

"பிரேக் மத் மாரோ! பேட்டா, ஏ காடி மே பிரேக் மத் மாரோ!"

பிரேக் போடாதே, போடாதே என்று கத்திக்கொண்டே கண்ணாடியைக் கையால் தட்டினார். அந்தப் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு, நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனாள். "மாஃப் கரோ, பாபா," என்றாள். பிச்சைக்காரர்களுக்குச் சொல்வதுதான்.

முன்னால் நின்ற லாரி நகர்ந்தது. நீல வண்டி டிராம்பே ரோட்டில் திரும்பி, சீறிக்கொண்டு போனது.

மிக்கேல்ராஜ் குனிந்து தரையைப் பார்த்தார். அன்றைக்கு விலகல் நாலு விரல் இருந்தது. இப்போது ஆறு. பின்னால் வந்த பஸ் அந்தத் தடத்தின்மேல் ஏறிப் போனது.