தொடக் கூடாத பனிமனிதன்

மழலை வகுப்பு டீச்சருக்கு ஒரு தீராத வியாதி. பிள்ளைகள் எதையாவது கோணலாக ஒட்டினால், அதை நேராக்காமல் அவரால் இருக்க முடியாது. போன குளிர்காலத்தில் வகுப்பிலிருந்த பஞ்சுப் பனிமனிதர்கள் அத்தனை பேரும் ஒருதாய்ப் பிள்ளைகள்போல இருந்ததில் பெற்றோருக்கு, டீச்சரே செய்ததோ என்று சந்தேகம் வந்துவிட்டது. "இனிமே ஒரு பொம்மையில கை வச்சீங்கன்னா, வேற வேலை பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார் தலைமையாசிரியை.

இந்த வருடம் டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு வகுப்பை நடந்தே அளந்தார். ஒரு குட்டிப்பெண் ஆரஞ்சுக் காகித மூக்கைக் கொண்டுபோய்ப் பனிமனிதனின் வயிற்றில் ஒட்டினாள். டீச்சருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் குடித்தார். ஜன்னலைச் சாத்தினார், உடனே திறந்தார்.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த தலைமையாசிரியையின் கை தன்னால் நீண்டது. மூக்கைப் பிய்த்து முகத்தில் வைத்தது.

"அது மூக்கு இல்ல, தொப்புள்!" என்று குட்டி வீறிட்டாள். "திரும்ப ஒட்டு!"

தலைமையாசிரியையின் விரலில் பஞ்சு ஒட்டியது, தொப்புள்தான் எங்கும் ஒட்டவில்லை. வாசலில், பொம்மைகளைப் பார்க்க வந்த அம்மாக்களின் பேச்சுக் குரல் கேட்டது.

"டீச்சர், சீக்கிரம் நீங்களே ஒட்டிடுங்க" என்றார் ரகசியமாக. "கொஞ்சம் கோணலா ஒட்டுங்க. அப்பதான் நம்புவாங்க."

"ஐயோ மேடம், எனக்கு அது ஒண்ணுதான் வராது!"