யோன் ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால்

கனடாவில், ஸ்காபரோவில் இருந்துகொண்டு பக்கத்துக் காட்டுப் பாதைகளைப் பற்றி எழுதுகிற ஆள் நான். போன ஒக்டோபரில் பிரான்சுக்குப் போனது நடக்கிற ஆசையில் இல்லை. அண்ணையின் சாம்பலைக் கரைக்கப் போனேன். ஆனாலும் நடந்தோம்; அந்தப் பாதையில் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

அண்ணை பரிஸ் நகரத்தில் ஒரு ரெஸ்ரோறன்ரின் நிலவறைக் குசினியில் முப்பது வருடம் கோப்பை கழுவினார். மார்ச்சில் வேலைக்குப் போகிற வழியில் மெற்றோப் படிக்கட்டில் விழுந்து அந்த இடத்திலேயே முடிந்துவிட்டார். எனக்கு லீவு கிடைக்கும்வரை அண்ணி காத்திருந்தார். இங்கே என்றால் பிக்கரிங் பக்கம் ஏரியில் கரைத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவோம். அண்ணிக்கு மட்டும் வேறு நினைப்பு இருந்தது.

அண்ணைக்கு ஞாயிறு லீவு. ரயில் ஏறி, நாட்டுப்புறத்தில் ஏதோ ஒரு தண்ணீர்க் கரைக்குத் தனியாகப் போய்விடுவார். எனக்கு வாட்ஸ்அப்பில் படம் வரும்: ஒரு கல்வீடு, ஆள் உட்காருகிற ஒரு நீட்டு வாங்கு, மரநிழல் விழுந்த தண்ணீர். ஒவ்வொரு வாரமும் அதே படம்தான். அண்ணிக்கோ ஞாயிற்றுக்கிழமைகளில் கந்தோர்களில் மேசையும் நிலமும் துப்புரவாக்குகிற வேலை. ஒருநாளும் கூடப் போனதில்லை.

"என்னை விட்டுட்டு அங்க போய் என்னத்தைத்தான் பாத்தவர் எண்டு நானும் ஒருக்காப் பாக்கவேணும் தம்பி. அதிலயே விடுவம்" என்றார். அண்ணையின் பழைய ரயில் ரிக்கற்றுகளில் போன ஊரும் திரும்பிய ஊரும் இருந்தன; இரண்டுக்கும் இடையில் எங்கோதான் அந்த இடம்.

பரிசின் பெர்சி நிலையத்தில் காலையில் ஏறினால் ஷத்தெல்-சான்சுவார் என்ற ஊருக்கு இரண்டரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. ரயில்கள் குறைவு, சிலவற்றில் நடுவழியில் மாறவேண்டும். திரும்பி வரும் ரயிலையும் முதலே பார்த்து வையுங்கள். அங்கிருந்து மையி-லா-வில் என்ற அடுத்த ரயில் ஊர்வரை, தண்ணீரை ஒட்டிப் பதினைந்து கிலோமீற்றர் அளவில் நடை. ஏற்ற இறக்கம் இல்லை. முதல் நாள் மழை பெய்திருந்ததால் பாதை ஒரே சேறு. அண்ணி கோயிலுக்குப் போகிற செருப்போடு வந்திருந்தார், சொன்னால் கேட்கிற ஆளா?

இறங்கியது நாங்கள் இரண்டு பேர் மட்டும். வீடுகள் எல்லாம் யன்னல் சாத்திக் கிடந்தன. பேக்கரியும் பூட்டு. மேட்டில் ஒரு பழைய தேவாலயம். கீழே, அந்தக் காலத்துப் பெண்கள் உடுப்புத் தோய்த்த கூரை போட்ட கல்தொட்டி, பாசி பிடித்த தண்ணீரோடு. "செத்த ஊர் மாதிரிக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டார். அவருடைய தோள்பையில்தான் அண்ணை இருந்தார்.

பாலத்தடியில் ஒரு பலகை. அண்ணி பிரெஞ்சு வாசிப்பார். "முந்தி இந்தக் காட்டு விறகைத் தெப்பமாக் கட்டி யோன் ஆத்தில விட்டவையாம். மிதந்து மிதந்து பரிசுக்குப் போகுமாம், அங்கத்தையாக்கள் குளிருக்கு எரிக்க" என்று வாசித்துச் சொன்னார்.

மூன்று மணித்தியாலம் நடந்தோம். இடையில் வடையும் வாழைப்பழமும். ஒரு பக்கம் வெள்ளைப் பாறைச் சுவர் உயர்ந்து நிற்க, வானம் ஈயச் சட்டி மாதிரி இறங்கிக் கிடந்தது. அழகான இடம் என்று எழுதத்தான் வேண்டும். எனக்கு அண்ணையின் நினைப்புத்தான். இவ்வளவு தூரம் தனியாக வந்து இருந்திருக்கிறாரே, பாவி மனிசன்!

கல்வீடு வந்தது. தண்ணீர் மட்டத்தை உயர்த்தியும் தாழ்த்தியும் படகுகளை ஏற்றி இறக்குகிற கதவுத்தொட்டி ஒன்றுக்குப் பக்கத்தில், படத்தில் கண்ட அதே வாங்கு. முற்றத்தில் கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் அண்ணி போனில் இருந்த அண்ணையின் படத்தைக் காட்டினார். அந்தப் பெண் உடனே சிரித்தாள், பிறகு எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். இருவரும் கொஞ்ச நேரம் கதைத்தார்கள். அவள் உள்ளே போனதும் அண்ணி வாங்கில் இருந்துவிட்டார்.

"என்னவாம் அண்ணி?"

"நித்திரை கொள்ளுற மனிசன் எண்டுதான் அவரைச் சொல்லுறவையாம். வந்து உதில படுத்தாரெண்டா பின்னேர ரயிலுக்குத்தான் எழும்புவாராம். வீட்டில ஒரு மணித்தியாலம் ஒழுங்காப் படுக்கமாட்டார் தம்பி. பிளேற் விழுந்த மாதிரித் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு எழும்புவார். நான் என்னெல்லாம் நினைச்சன், வேற ஆரும் இருக்கினமோ எண்டுகூட..."

வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன்.

கற்பூரம் கொளுத்தி, தேவாரம் ஒன்றைத் தெரிந்த மட்டுக்குச் சொல்லி, பாதிச் சாம்பலைத் தண்ணீரில் விட்டேன். அது போகவில்லை. விட்ட இடத்திலேயே மாப்போல படர்ந்து, கரையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கையால் தள்ளினேன். போய்விட்டுத் திரும்பி வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: இது ஆறு இல்லை, வாய்க்கால். நாங்கள் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்தில் ஏது ஆறு? எங்களுக்குக் கிணறு தெரியும், கடல் தெரியும். நீளமாகத் தண்ணீர் கிடந்தால் ஓடும் என்று நம்பி வந்துவிட்டோம்.

ஐயோ என்று நின்ற நேரத்தில் வாடகைப் படகு ஒன்று வந்தது. தொட்டிக்குள் போவதற்காக எங்கள் முன்னாலேயே திரும்பியது. மேல்தட்டில் வைன் கிளாசோடு இருந்தவர்கள் எங்களுக்குக் கை காட்டினார்கள். அண்ணியும் கை காட்டினார். வேறு என்ன செய்வது? படகு அடிச்சேற்றைக் கிளப்பிவிட்டுப் போனது. பழுப்புத் தண்ணீர் அடங்கியபோது அண்ணை எங்கே என்று தெரியவில்லை.

"மிச்சத்தையாவது ஆத்தில விடுவம் அண்ணி. போனில பாத்தன், உந்த வயலுக்கு அங்கால யோன் ஓடுது. கடலுக்குப் போய்ச் சேரட்டும்."

"அது எதுக்குள்ளால போய்க் கடலில விழுது?"

"பரிசுக்குள்ளாலதான்."

அவர் என் கையில் இருந்த கலசத்தை வாங்கினார். "முப்பது வருசம் அந்தப் பரிசுக்குள்ள கிடந்ததே போதும். திரும்ப அங்க விறகு அனுப்புற மாதிரி அனுப்ப மாட்டன். இஞ்சதானே கண்ணயர்ந்தவர்." மிச்சம் முழுவதையும் அதே இடத்தில் கவிழ்த்தார். எனக்கு மனமில்லை; ஆனால் புருசன் அவருடையவர், நான் என்ன சொல்ல?

போகிறவர்களுக்குச் சில விசயங்கள். சாப்பாடும் தண்ணீரும் கட்டிக்கொண்டு போங்கள், வழியில் கடை இல்லை. சேற்றுக்குத் தோதான சப்பாத்து வேண்டும். படகுகள் ஒக்டோபர் கடைசியோடு நின்றுவிடும். எங்களைப்போல் சாம்பலோடு போகிறவர்கள் நகரசபையில் முதலே விசாரியுங்கள். அறிவித்துத்தான் கரைக்கவேண்டும், எல்லாத் தண்ணீரிலும் விடமுடியாது. நாங்கள் விசாரிக்கவில்லை. தண்ணீர் ஓடுகிறதா என்று ஒரு சருகைப் போட்டாவது பாருங்கள்.

கரைத்த பிறகு திரும்பிப் பார்க்காமல் போகவேண்டும் என்பார்கள். அண்ணி மையி-லா-வில் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். கொண்டுபோகிற தண்ணீர் என்றால் பார்த்தாலும் ஒன்றும் இருக்காது. ஏன் ஓடுகிற தண்ணீரில் விடச் சொன்னார்கள் என்று எனக்கு அந்தப் பாதையில்தான் விளங்கியது, விளங்கி என்ன பயன்?

அண்ணி ஞாயிற்றுக்கிழமை வேலையை விட்டுவிட்டார். குளிர் தொடங்கியும் ஒவ்வொரு ஞாயிறும் அந்த வாங்குக்குப் போகிறார். இங்கே நான் காலைக் கோப்பி குடிக்கிற நேரம் அங்கிருந்து போன் வரும். போன கிழமை வீட்டுக்குப் போகச் சொல்லிக் கெஞ்சினேன்.

"மெல்லக் கதையும் தம்பி" என்றார். "மனிசன் நித்திரை."